மீன்தொட்டியில் களையெடுப்பு

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க ஒரு நாயுடன் போட்டி போட்டவன் நான். போட்டியில் நாய்தான் ஜெயித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (நான் மறைத்தாலும் என் மனைவி சொல்லிவிடுவாள்.)

நாய் என் சகலையுடையது. புதுச்சேரியில் இருக்கிறது. கையை நீட்டினால் கைகொடுக்கும். சுரக்குடியில் நெல் விவசாயம் செய்யும் எங்கள் மாமனார் ஒருமுறை அங்கே போய் அதோடு கைகுலுக்கிவிட்டு வந்து, ஊர் முழுக்க அந்தக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நானோ அதே சுரக்குடிக்குப் போய் விவசாயிகளுக்குக் களை வகுப்பு எடுக்கும் வேளாண்மை அதிகாரி. திரையில் படம் போட்டு, "இது பயிர், இது களை" என்று குச்சியால் தொட்டுக் காட்டுவேன். என் கையைப் பற்றி யாரும் எங்கேயும் பேசியதில்லை.

பொறுக்குமா? காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பவளத்தொட்டி வைப்பது என்று முடிவெடுத்தேன். உப்புத் தண்ணீர், நீல விளக்கு, அலை கிளப்ப ஒரு மோட்டார், உள்ளே உயிருள்ள பவளம், துணைக்கு இரண்டு இறால்.

"வண்டிய எடுத்தா கொஞ்ச நேரத்துல கடல். அத எதுக்குங்க வீட்டுக்குள்ள கொண்டாறீங்க?" என்றாள் என் மனைவி கல்பனா.

"அது வேற கடல்," என்றேன். (வேறுதான். அது இலவசம். இதற்கு உப்பைப் பொட்டலமாக வாங்கி, சுத்திகரித்த தண்ணீரில் கரைக்க வேண்டும். காரைக்காலில் குடியிருந்துகொண்டு கடல்தண்ணீர் தயாரித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

சென்னையிலிருந்து பார்சலில் பவளம் ஒட்டிய ஒரு கல் வந்தது. கடைக்காரர் முன்பே அனுப்பியிருந்த படத்தில் அந்தக் கல்லின் மேல் பச்சைப் பூக்கள் கொத்தாக ஜொலித்தன. வந்த கல்லிலோ கழுத்தில் வரும் மரு மாதிரி பழுப்பு நிறத்தில் மொட்டு மொட்டாக ஏதோ இருந்தது. கல்பனா கடமைக்கு அதையும் ஒரு படம் எடுத்துவைத்தாள்.

சில நாளில் கல்லின் ஓரத்தில் ஒரு பூ எழுந்தது. கண்ணாடி போன்ற உடம்பு, உச்சியைச் சுற்றி மெல்லிய நூல்கள், அலை வரும்போதெல்லாம் ஓர் ஆட்டம். எனக்குப் புல்லரித்துவிட்டது. பவளம் மலர்ந்துவிட்டது! அப்படியானால் அந்த மருக்கள்? சந்தேகமென்ன, பவளத்தைப் பீடித்த நோய்தான்.

பவளத்தொட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், மருக்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இது என்ன வளர்ச்சி?" என்று கேட்டேன். அந்தக் குழுவில் 'தெரியாது' என்று சொல்லும் வழக்கமில்லை. ஒருவர் கடற்பஞ்சு என்றார். ஒருவர் பாசி என்றார். இன்னொருவர், நத்தை முட்டை, உடனே தொட்டியைக் காலி செய்யுங்கள் என்றார். வேறொருவர் மருவை விட்டுவிட்டு என் விளக்கைத் திட்டினார். ஒரே ஒருவர் மட்டும், "சார், நீங்க வட்டம் போட்டிருக்கீங்களே, அதுதான் பவளம். சுருங்கியிருக்கு, பொறுங்க," என்று எழுதினார். அவருடைய முகப்புப் படத்தில் ஒரு பூனை கூலிங்கிளாஸ் போட்டிருந்தது. இத்தனை வருடம் களை பார்த்த நான், கூலிங்கிளாஸ் போட்ட பூனையிடம் பாடம் கேட்பதா?

கையுறை, முகக்கவசம், இடுக்கி சகிதம் உட்கார்ந்தேன். கல்லை வாளிக்கு மாற்றி, ஒரு மரு விடாமல் பிடுங்கினேன். வகுப்பில் சொல்கிறபடியே, வேரோடு. பிறகு அந்தக் கண்ணாடிப் பூவைக் கிள்ளிக் கிள்ளிக் கல் முழுக்கப் பதியம் போட்டேன். இரண்டு மூன்று வாரத்தில் கிள்ளிய துணுக்கெல்லாம் பூவாயின. (கோரைக்கிழங்கைத் துண்டாக்கினால் துண்டுக்குத் துண்டு முளைக்கும் என்று சுரக்குடியில் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். அப்போது ஞாபகம் வரவில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் சாப்பிட வந்தார். ஜன்னலை மூடி, நீல விளக்கைப் போட்டேன். அவர் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றார்.

"அடேங்கப்பா! தண்ணிக்குள்ள தோட்டமே போட்டிருக்கீங்களே மாப்ள! அந்த நாய் என்ன, தின்னுட்டுத் தூங்குது!"

இதற்காகத்தானே இத்தனை பாடு! மனசு நிறைந்துபோனது. அந்த நேரம் பார்த்து என் செல்ல இறால் ஒன்று பூப் பக்கம் உலாவப் போனது. பூ அதை அப்படியே வாரி உள்ளே இழுத்துக்கொண்டது.

"பூ எறா திங்குமா மாப்ள?"

"அப்பப்ப," என்றேன்.

கல்பனா கைபேசியோடு வந்தாள். கடைக்காரர் அனுப்பிய படத்தையும் தான் எடுத்த படத்தையும் அடுத்தடுத்து வைத்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. அவர் படத்துல பச்சப் பூ இருக்கிற அதே எடத்துலதான் நம்ம படத்துல மரு இருக்கு. மரு விரிஞ்சாதான் பூவு. இப்ப ஆடுதே, இது ரெண்டுலயும் இல்லியே. கல்லோட ஒட்டிக்கிட்டு வந்த ஏதோ ஒண்ணு. அந்த மருவெல்லாம் எங்க?"

"பிடுங்கிட்டேன்."

மாமனார் என்னைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். "அப்ப பயிர எடுத்துட்டு, களைய நட்டிருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. முகம் வெளிறி, "நீங்க காட்டுனத வெச்சுத்தான் மாப்ள போன வாரம் நம்ம வயல்ல களை எடுத்தோம்," என்றார். பாயசத்துக்குக்கூட நிற்காமல் வயலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

வயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. வகுப்பு இருக்கிறது என்று இப்போது நான் சுரக்குடிக்குப் போன் செய்தால், "நீங்க வர்றது இருக்கட்டும் சார், அம்மா வர்றாங்களா?" என்று கேட்கிறார்கள். போன தடவை வேறு வழியில்லாமல் கல்பனாவைக் கூட்டிப் போனேன். முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். நான் குச்சியால் தொட்டு "இது களை" என்றபோதெல்லாம் மொத்தக் கூட்டமும் அவள் பக்கம் திரும்பியது. அவள் தலையாட்டிய பிறகுதான் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் மாமனார் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து வந்து கைகொடுத்தார், தன் மகளுக்கு.