மாப்பிள்ளை செய்த கவாத்து

உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவனை முதலில் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். இதை நான் ஆத்திரத்தோடுதான் சொல்கிறேன். ஏனென்றால் என்னை ஒருத்தரும் கட்டிப்போடவில்லை.

எனக்குக் கல்யாணமான முதல் வருஷம், மாசி மாதம். விக்கிரமங்கலம் பக்கத்தில் என் மாமனாருக்கு ஒரு சின்னத் தோட்டம். எட்டு வரிசை குண்டுமல்லி, வேலியோரம் எலுமிச்சை, பின்னால் பத்துப் பதினைந்து கொய்யா மரங்கள். நானோ பெரம்பலூரில் ஆபீஸ் நாற்காலியைத் தேய்க்கிறவன். எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஒரு துளசிச் செடி இருந்தது. அதையும் நான்தான் தண்ணீர் ஊற்றிக் கொன்றேன்.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை அந்த ஊர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல். முதல் கூடை மாமனார் தோட்டத்து மல்லிகைதான். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படி. "வருஷத்துல அந்த ஒரு நாளுதாங்க எங்கப்பா நெஞ்ச நிமித்தி நடப்பாரு" என்று என் மனைவி செல்வி சொல்லியிருந்தாள். அவ்வளவுதான், எனக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டான். இந்த வருஷம் கூடை வழிய வழியப் பூ வர வேண்டும், மாப்பிள்ளை வந்த நேரம் என்று ஊர் பேச வேண்டும். (பேசியது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கோடைக்குள் நன்றாகப் பூக்க வேண்டுமென்றால் மல்லிகையைக் கவாத்து செய்ய வேண்டுமாம். அதாவது, முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிட வேண்டுமாம். எந்த மாதம் செய்ய வேண்டும் என்றும் அந்த ஆள் சொல்லியிருப்பான். நான் அந்த இடத்தைத் தள்ளிவிட்டிருப்பேன். ஆன்லைனில் ஒரு பெரிய கத்தரி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை மாமனார் வீட்டில் போய் இறங்கினோம். செல்வி ரவிக்கை தைக்கக் கொடுக்க அரியலூர் பஸ் ஏறிவிட்டாள். நான் தோட்டத்தில் இறங்கிவிட்டேன்.

மாமனார் எலுமிச்சைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நான் முதல் செடியை வெட்டியதும் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"மாப்ள, நீங்க ஏங்க சிரமப்படுறீங்க?"

"சிரமமெல்லாம் இல்ல மாமா!"

இரண்டாவது செடி. மூன்றாவது செடி. மாமனார் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார்.

"வெயிலு ஏறுதுங்க மாப்ள. வூட்டுக்குப் போவலாங்களா?"

"நீங்க போய் நிழல்ல உக்காருங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

என் மாமியார் மாப்பிள்ளையோடு நேராகப் பேசமாட்டார். அந்த வீட்டுப் பழக்கம் அப்படி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாமனாரிடம் சத்தமாகச் சொன்னார்: "ஏங்க, அவங்கள காப்பி குடிக்க வரச் சொல்லுங்க!"

வேலை முடியட்டும் என்றேன். கால் மணி நேரத்தில் மறுபடி காப்பி. பிறகு மோர். பிறகு இளநீர். பிறகு, "ஏங்க, அவங்களுக்கு யாரோ போன் பண்றாங்கன்னு சொல்லுங்க!" போன் என் சட்டைப் பையில் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஆஹா, மாப்பிள்ளைக்கு என்ன உபசாரம் என்று பூரித்துப்போய் இன்னும் வேகமாக வெட்டினேன். கிளை நுனியில் மிளகு மாதிரி பச்சையாக ஏதோ கொத்துக் கொத்தாக இருந்தது. பூச்சி முட்டையாக இருக்கும் என்று அதைத் தனியாகக் காலால் வேறு நசுக்கினேன்.

மதியம் எட்டாவது வரிசையை முடித்தபோது செல்வி வந்தாள். வேலியருகே அப்படியே நின்றாள்.

"அய்யய்யோ! என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? அப்பாதான் மார்கழியிலயே வெட்டிட்டாரே! இது அத்தனையும் அரும்புங்க! இனிமே எப்ப தழைஞ்சு எப்ப பூக்கும்?"

திரும்பி மாமனாரைப் பார்த்தேன். "மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"மாப்ள ஆசையா செய்யிறீங்க... எப்படிங்க வேணாங்கறது?" என்றார். மாமியார் வேலிக்குப் பின்னால் மூக்கைச் சிந்தினார். நாலு மணி நேரம் தன் தோட்டம் மொட்டையாவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மனுஷனின் மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படியும் ஒரு மரியாதை உண்டா? "நிறுத்துடா மடையா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் ஏழு வரிசை பிழைத்திருக்கும்.

பூச்சொரிதல் அன்றைக்கு டவுனில் வாங்கிய பூவோடு போனோம். கூடையை நான்தான் சுமந்தேன். அதுவாவது செய்கிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். மாமனார் தரையைப் பார்த்தபடி முன்னால் நடந்தார். கோயில் வாசலில் ஒரு பெரியவர் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"என்னய்யா, கடைப் பூவா இருக்கு? ஒன் தோட்டத்துக்கு என்ன ஆச்சு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமனார் வாழ்நாளில் முதல் தடவையாக, அதுவும் சாமி முன்னால், பொய் சொன்னார்.

"ஆடு மேஞ்சிருச்சுங்க."

"எட்டு வரிசையுமா? எவன் வூட்டு ஆடுய்யா அது?"

"வெளியூரு ஆடுங்க."

"நல்லா வளத்திருக்கானுவ! புடிச்சுக் கட்டி, கால ஒடிச்சு விட வேணாம்?" என்று பெரியவர் கொதித்தார். பக்கத்திலிருந்த நாலு பேர் ஆமாம் போட்டார்கள். "நீங்களே சொல்லுங்க மாப்ள, இது அநியாயம்தானே?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்கள். நானும் கூடையைச் சுமந்துகொண்டு, "அநியாயம்தாங்க" என்றேன். பின்னால் செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

இது நடந்து எட்டு வருஷமாகிறது. இன்றைக்கும் நான் பஸ் ஏறினால் செல்வி ஊருக்குப் போன் போட்டு, "ஆடு கெளம்பிருச்சு" என்கிறாள். என் ஐந்து வயது மகள் என்னைப் பார்த்து "மே" என்கிறாள். மாமியார் மட்டும் இன்னும் என்னோடு நேராகப் பேசுவதில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் சிரிக்கிற சத்தம் நன்றாகவே கேட்கிறது.

சிரிக்கட்டும். ஆனால் என் ஆற்றாமை ஒன்றுதான். நிஜமாகவே ஆடு புகுந்திருந்தால் முதல் செடியிலேயே கல்லெறிந்து துரத்தியிருப்பார்கள். அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லையே!