எத்திராஜின் ஏழு வருஷக் கல்

புத்தூர் எத்திராஜுக்கு ஏழு வருஷமாகக் கிட்னியில் கல். எந்த டாக்டரும் அதைப் பார்த்ததில்லை. பார்க்க எத்திராஜ் விட்டதும் இல்லை.

ரொம்ப விவரமான கல் அது. கேஸ் சிலிண்டரைத் தூக்க வேண்டுமென்றால் இடது விலாவில் குத்தும். நகரியிலிருந்து மாமியார் வந்தால் வலது பக்கத்துக்கு மாறிக்கொள்ளும். கிரிக்கெட் மேட்ச் நாளில் மட்டும் அசையாமல் தூங்கும்.

மனைவி தாட்சாயணி அதை முழுசாக நம்பினாள். வாரம் மூன்று நாள் வாழைத்தண்டுப் பொரியல் செய்தாள். போன வருஷம் திருமலைக்கு நடந்தே போய், மோகாள மெட்டுப் படிகளை முழங்காலாலேயே ஏறி, அந்தக் கல் கரைய வேண்டிக்கொண்டாள். தோல் உரிந்து வந்தவளுக்கு எத்திராஜ்தான் மருந்து தடவிவிட்டான். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

இந்த மாசம் ஒருநாள் தாட்சாயணி ஆரம்பித்தாள்.

"ஏங்க, திருப்பதியில ஒரு ஆஸ்பத்திரியில கிட்னியப் படம் புடிக்கிறாங்களாம். சும்மாவே. சனிக்கிழமை போய்க்கினு வரலாம்."

எத்திராஜுக்குச் சாயந்திரத்துக்குள் அருமையான யோசனை ஒன்று உதித்தது. படத்தில் கல் இருக்கப்போவதில்லை. 'பாத்தியா, உன் வேண்டுதல்ல கரைஞ்சே போச்சு!' என்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. கல்லும் போகும், மானமும் தப்பும்.

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் சுதீர் ஒரு ஃபாரத்தோடு வந்தான்.

"ஆரோக்கியமா இருக்கறவங்க கிட்னி எவ்ளோ வேலை செய்யுதுன்னு அளக்கறோம் சார். நார்மல்னா எவ்ளோன்னு தெரியணும் இல்ல? அதனால நோயாளிங்களைச் சேர்க்க மாட்டோம். மீக்கு கிட்னிலோ ராள்ளு ஏமைனா உன்னாயா? கல்லு கில்லு?"

எத்திராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்தா சொல்லிடுங்க," என்றாள். "மாடியில ஆபரேசன் டாக்டர் கீறாராம். டோக்கன் வாங்கி வச்சிக்கீறேன்."

டோக்கன் கையிலேயே இருந்தது. பதினேழாம் நம்பர்.

"லேது," என்றான் எத்திராஜ்.

"எப்பவுமே?" என்று கேட்டான் சுதீர்.

"எப்புடூ லேது."

"தமிழ்ல சொல்லுங்க. காதுல உழல," என்றாள் தாட்சாயணி.

"எனக்கு... கல்லே கெடையாது."

கையெழுத்தும் போட்டான்.

அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். கதிர்வீசும் மருந்தைத் துளியளவு கையில் ஊசியாக ஏற்றி, அடியில் கேமரா இருந்த மேசையில் படுக்க வைத்தார்கள். இருபது நிமிஷம் அசையக் கூடாது. திரையில் இரண்டு கிட்னியும் அவரைக்கொட்டை மாதிரி பளிச்சென்று எரிந்தன. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட எத்திராஜுக்கு வழியில்லை. முழங்காலில் ரத்தம் கசிய, சிரித்துக்கொண்டே மலையிறங்கி வந்த தாட்சாயணிதான் கண்ணில் நின்றாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கவும் கூடாது.

"இடது அம்பத்தொண்ணு பர்சென்ட், வலது நாப்பத்தொம்பது. சூப்பர் நார்மல் சார்!" என்று சுதீர் கையைக் குலுக்கினான்.

வெளியே வந்ததும் எத்திராஜ் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"எப்போ தெரிஞ்சிச்சு?"

"பொங்கலுக்கு. உங்க கம்பெனி சீனு ஸ்டேட்டஸ் போட்டிருந்தாரே, கயிறு இழுக்கிற போட்டி. மொத ஆளா நீங்கதான இழுத்துக்கினு இருந்தீங்க."

"அப்பவே திட்டியிருக்கலாமே, தாட்சு."

"திட்டினா வலி வந்துரும்."

"தப்புதான். மன்னிச்சிடு."

அவள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பத்து நிமிஷத்தில் மூன்று லேமினேஷனோடு திரும்பினாள்.

"ஒண்ணு நம்ம ஹாலுக்கு. ஒண்ணு எங்கம்மாவுக்கு."

"மூணாவது?"

அது மட்டும் ஆதார் கார்டு அளவுக்குச் சின்னதாக இருந்தது. அவன் சட்டைப்பையில் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"உங்களுக்குத்தான். வலி வந்தா எடுத்துப் படிங்க."