முதல் தரச் சிரிப்பு

உலகத்திலேயே ஒரு சிரிப்பைப் பழுது என்று சொல்லி லாரியை மறித்த மனிதர் எங்கள் செலக்‌ஷன் பாய் ஒருவர்தான். இல்லை என்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி. நான் அங்கே டைப்பிஸ்ட். தோலைத் தரம் பிரிப்பதற்கு எங்கள் பக்கம் செலக்‌ஷன் என்று பெயர். அதில் பாய் பெரிய ஆள். எதற்கும் முதல் தரம் கொடுக்க மாட்டார். கல்யாண பிரியாணியை ஒரு வாய் வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் காதுபட “ரெண்டாம் தரம்” என்பார்.

கம்பெனிக்கு ஈமெயில் வந்த புதிது. ஜெர்மன்காரர் அனுப்பியதை அச்செடுத்து நீட்டினேன். சாம்பிள் கிடைத்தது, சரக்கை அனுப்புங்கள் என்று இரண்டே வரி. கடைசியில் :-) என்று இருந்தது.

பாய் முகம் வெளுத்துவிட்டது. தோலின் பின்பக்கம் சாக்பீஸால் அவர் போடும் குறிகள் அவை. புள்ளி என்றால் ஓட்டை, கோடு என்றால் கீறல், வளைவு என்றால் ஓரக் கிழிசல்.

“ரெண்டு ஓட்டை, ஒரு கீறல், ஒரு கிழிசல். போட்டு வெச்சிருக்கான் பாரும்மா.”

“அனுப்பச் சொல்லித்தானே எழுதியிருக்காரு பாய்?”

“மரியாதக்காரன்மா. மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டான்.”

துறைமுகத்துக்குக் கிளம்பிய லாரியை வாசலிலேயே மறித்தார். கப்பலை விட்டால் ஆர்டர் போய்விடும் என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். பாய் அசையவில்லை. அத்தனை தோலையும் இறக்கி, வெயிலில் விரித்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சாப்பிடக்கூட இல்லை. “நான் பாஸ் பண்ண தோல்ல ஓட்டைன்னா, நாளைலேர்ந்து நான் இன்னாத்துக்கு இங்க?” என்றார். எனக்குத் தாங்கவில்லை. ஓட்டை எங்கே என்று ஜெர்மன்காரரிடமே மெயிலில் கேட்டுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. அது சிரிக்கிற முகமாம். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டுமாம்.

ஆபீசே கழுத்தைச் சாய்த்தது. பாய் தாளைத்தான் திருப்பினார். “சிரிக்கிறவன் நிமிர்ந்து சிரிச்சா இன்னா? இப்படிப் படுத்துக்குனா சிரிப்பான்?” என்று கத்தினார். அப்புறம் அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். லாரி எப்படியோ கப்பலைப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு, குறையே இல்லாத தோல் கைக்கு வந்தால் அந்தச் சிரிப்பைத்தான் பின்னால் போடுவார். எப்போதாவதுதான் விழும்.

கல்யாணம் நிச்சயமாகி வேலையை விட்ட அன்று, மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினேன். “ரெண்டாம் தரம். போவப் போவத் தேறும்” என்றார். பிறகு என் தோல் கைப்பையை வாங்கி, பின்பக்கம் இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு போட்டுக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்றைக்கு என் போனில் மஞ்சள் முகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அந்த சாக்பீஸ் முகம் மழையில் அழிந்தபோது, புதுப்பெண் நான் பையைக் கட்டிக்கொண்டு அழுதேன். வேறு பை வாங்கித் தருகிறேன் என்றார், பாவம், என் ரெண்டாம் தரம். எனக்கு எதற்கு வேறு பை? என்னிடம் குறை தேடாமலே முதல் தரம் என்று சொன்னவர் பாய் ஒருவர்தான்.