நீலம் வரலைங்க

நீலத்தைப் பற்றி எழுதாத கவிஞன் இல்லை. வானம், கடல், மயில் கழுத்து என்று நானும் நோட்டு நோட்டாக எழுதியவன்தான். ஆனால் எழுதிய நிறமாகவே மாறி, அந்தக் கோலத்தில் பெண் பார்க்கப் போய் நின்ற கவிஞன் சேலம் ஜில்லாவில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் ஒரு கார்டு போடுங்கள். ஆறுதலாக இருக்கும்.)

அறுபதுகளின் தொடக்கம். நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். பிலோமினாவை மாதா கோவில் தேர்த் திருவிழாவில் பார்த்திருந்தேன். மெழுகுவத்தி அணையாமல் உள்ளங்கையால் மறைத்தபடி போனாள். அந்தக் காற்று அவள் சுடரை விட்டுவிட்டு என்னை அணைத்துவிட்டுப் போயிற்று.

அவள் அப்பா சூசை கொண்டப்பநாயக்கன்பட்டியில் தச்சர். பேனா பிடிக்கிறவர்களை நம்பாதவர். நாங்கள் அனுப்பிய தரகரிடம் சொல்லி அனுப்பினார்:

"பாட்டுக் கட்டறவனுக்கா புள்ளையக் குடுக்கறது? கையால ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு எடுத்தாரச் சொல்லுங்க. பாத்துட்டுச் சொல்றேன். இல்லாட்டி நாமகிரிப்பேட்டை லாரிக்காரரு பையன் இருக்கவே இருக்கானுங்க."

கையால் செய்வதா! சோறு பிசைவதைத் தவிர என் கைகளுக்குத் தெரிந்த தொழில் ஏது?

அம்மாபேட்டையில் என் பள்ளித்தோழன் முருகேசன் இருந்தான். நெசவுக்காரர்களுக்கு அவுரி நீலத்தில் நூல் தோய்த்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. பிலோமினாவுக்குப் பூசையில் போட்டுக்கொள்ள ஒரு நீல முக்காடு என்று முடிவு செய்தேன். வெள்ளைத் துணியில் அங்கங்கே புளியங்கொட்டையை வைத்து நூலால் இறுக்கிக் கட்டித் தோய்த்தால், கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் நீலத்தில் வெள்ளை நட்சத்திரம். மாதாவின் முடியில் பன்னிரண்டு நட்சத்திரம். நானும் பன்னிரண்டு கட்டினேன்.

மண்ணில் கழுத்துவரை புதைத்த சாயத் தாழியின் முன் முருகேசன் என்னை நிறுத்தினான். புளித்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இதபாரு. துணிய மொதல்ல தண்ணில நனைச்சுக்கோ. கம்புல அமுக்கு, கைய உள்ள உடாத. நூறு எண்ணிட்டு எடு. எடுத்தப்பறம்..."

அந்தக் கடைசி விஷயத்தை அவன் சொல்லும்போது நான் தாழியில் மிதந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலமும் செம்புமாக மின்னியது. புறாக் கழுத்தா, தும்பிச் சிறகா என்று மனம் அல்லாடியது.

"வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

அவன் நூல் உலர்த்தக் கொல்லைக்குப் போனான். கம்பு வழுக்கியது. இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை உள்ளே விட்டேன். நூறு எண்ணித் துணியைத் தூக்கினால், பச்சை! வாழைக்குருத்துப் பச்சை! அவசரமாக மறுபடி முக்கி, மறுபடி எடுத்தேன். அதே பச்சை.

மணி நாலு. அஞ்சு மணிக்குப் பெண் வீட்டில் இருக்கவேண்டும். லாரிக்காரர் மகன் ஹாரன் அடிப்பது காதில் கேட்டது. அப்படியே குந்தி உட்கார்ந்து, ஈரக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். பிறகு துணியை இறுக்கிச் சுருட்டி, வாழை இலையில் பொதிந்து, முருகேசனிடம் சொல்லாமலே சைக்கிளை எடுத்தேன்.

ஏற்காட்டு மலைக்காற்று எதிரே வந்து முகத்தைத் தடவியது. நடுவழியில் செயின் கழன்றது. மாட்டிவிட்டுப் பார்த்தால் கை கறுத்திருந்தது. செயின் மசி என்று விட்டுவிட்டேன். டீக்கடையில் பேச்சு நின்றது. ஒரு அம்மாள் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மறைத்தாள். முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டதோ என்று நினைத்தேன். (சத்தியமாக நினைத்தேன்.)

என் பெற்றோர் பஸ்ஸில் முன்னாலேயே வந்திருந்தார்கள். வாசலில் நின்ற என்னை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருப்பா? உனக்கு யாரு வேணும்?"

"அம்மா, நாந்தான்."

"ஏசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். என் அப்பா, சூசையின் பக்கம் திரும்பி, "ஊருக்குத் திரும்பிப்போகப் பஸ் எத்தனை மணிக்குங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைத் தலை குனிந்து சொன்னேன்:

"மன்னிக்கணுங்க. முக்காட்டுக்கு நீலம் தோய்க்கப் பாத்தேன். எவ்வளவோ முக்கியும் நீலம் வரலைங்க."

உள்ளறையிலிருந்து அடக்கி அடக்கி உடைந்த ஒரு சிரிப்பு. அதைத் தொடர்ந்து பிலோமினாவின் குரல்:

"வரலையாமாங்கப்பா? இன்னும் எங்கதான் வரோணுமாம்?"

சூசை ஆணியில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியை எடுத்து என் முன் நீட்டினார். நெற்றி முதல் தாடைவரை நீலம். நெற்றியில் எட்டு விரல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. நடுவில் மூக்கு மட்டும் தப்பி, என் தாய் பெற்ற நிறத்தில் அநாதையாக நின்றது.

பிலோமினா வெளியே வந்து இலைப் பொதியை வாங்கிப் பிரித்தாள். பச்சைத் துணி அவள் கையில் விரிந்தது. விரியும்போதே ஓரத்திலிருந்து நீலம் ஏறியது. மடிப்பு மடிப்பாக, அந்தி முடிந்து வானம் கறுக்கிற மாதிரி, எல்லோர் கண்ணெதிரிலும். அவள் அம்மா "மாதாவே!" என்று முழந்தாளிட்டுவிட்டாள்.

சூசை முழந்தாளிடவில்லை. முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, இழைத்த பலகையைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"பன்னெண்டுல அஞ்சு தேறும். இது ஆட்டுக்கண்ணு மாதிரி இருக்குது. கட்டத் தெரியலீங்க உங்க பையனுக்கு." என் அப்பாவின் தலை இன்னும் தாழ்ந்தது. "தொழில் சுத்தமாத் தெரியாது. ஆனாப் பாருங்க, கெட்டுப்போச்சுன்னு நெனச்சும், கடையில ஒண்ணு வாங்கி 'நாஞ்செஞ்சது'ன்னு நீட்டாம, கெட்டதையே கொண்டாந்து கெட்டுப்போச்சுன்னான்." உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார்: "காப்பி கொண்டா!"

மறுநாள் முருகேசன் தலையில் அடித்துக்கொண்டான். "எடுத்தப்பறம் பொறு, காத்துப் பட்டாத்தான் நீலமாவும்னு சொன்னேனேடா! மூஞ்சிக்கு மட்டும் நல்லாக் காத்து வாங்கியிருக்கியே!"

கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். "தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்" என்று சாமியார் வாசிக்கும்போதெல்லாம் சபை மொத்தமும் திரும்பி என் முகத்தைப் பார்த்தது. மூன்றாம் ஓலைக்குள் முகம் வெளுத்துவிட்டது. நகம் வெளுக்கவில்லை. மோதிரம் போடும்போது பிலோமினா அந்த நகங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, சாமியாரையே வரி தவறவைத்தது.

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எதுவும் உடனே நல்ல பேர் வாங்கியதில்லை. நான் எழுதிய கையோடு கவிதையை நீட்டினால், "வைங்க, காத்துப் படட்டும்" என்பாள். பாதிக் கவிதைகள் காற்றுப் பட்டதும் தாமாகவே பறந்துபோய்விடும்.

சென்ற மாதம் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிந்த கிராப்பு, பதவிசான பேச்சு. பத்தே நிமிஷத்தில் எனக்குப் பிடித்துப்போயிற்று. சம்மதம் சொல்ல வாயெடுத்தேன். பிலோமினா என் காதருகே குனிந்தாள்.

"அவசரப்படாதீங்க. அந்தத் தம்பியக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமா உக்கார வைங்க."