விட்டம் கேட்ட மாப்பிள்ளை

நல்ல தமிழ் பேசுவதில் தவறே இல்லை. புகைபோக்கி வாங்கும்போது மட்டும் பேசக் கூடாது. இதைத் தெரிந்துகொள்வதற்காக நான் ஒரு கடைத் திறப்பு விழாவையே பலி கொடுக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் கல்யாணமாகி மதுரையிலிருந்து சிங்கப்பூர் கிளமெண்டிக்கு வந்திருந்தேன். ஏசி குழாய் வடிவமைக்கும் பொறியாளர் வேலை. (காற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு.) என் மனைவியின் அண்ணன் செல்வம் மச்சான், கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டைப் பிடித்து விறகடுப்பு பிரியாணிக் கடை போட்டார். அவர் மனைவி மலர் அக்காவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. திறப்பு நாள் சொதப்பினால் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று மச்சான் வாக்குக் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட அடுப்புக்குப் புகைக்குழாய் வாங்கும் பொறுப்பைத்தான் என்னிடம் நம்பி ஒப்படைத்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமனார் வீட்டில் பேர் வாங்க வேண்டும், உடனே வாங்க வேண்டும். நேரில் போய் அளந்திருக்கலாம். அதற்குப் பொறுமை ஏது? ரயிலில் தொங்கிக்கொண்டே போன் செய்தேன். சிங்கப்பூரிலேயே பிறந்தவர்களுக்கு நம் தமிழையும் கொஞ்சம் காட்டலாமே என்று, டயாமீட்டர் என்று சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டேன்.

“மச்சான், அடுப்புக்கு மேல விட்டம் எத்தனை இஞ்ச்னு அளந்து சொல்லுங்க.”

“விட்டமா? இருங்க மாப்பிள்ளை, ஏணி எடுத்துட்டு வரேன்.”

இடுப்புயர அடுப்பை அளக்க ஏணி எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பத்து இஞ்ச் என்றார். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் குழாய்க்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

திறப்புக்கு முந்தைய நாள் குழாய் வந்து இறங்கியது. அடுப்பின் வாய் ஆறே இஞ்ச். மச்சான் பரிதாபமாகக் கூரையைக் காட்டினார். அடுப்புக்கு நேர் மேலே, கனமான மர உத்தரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த விட்டம் பத்து இஞ்ச்தான். அவர் சரியாகத்தான் அளந்திருந்தார்.

அப்போதாவது குழாயைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். பொறியாளர் கௌரவம் விடுமா? குழாய் பெரிதாக இருந்தால் புகை தாராளமாகப் போகும் என்று ஒரு விளக்கம் கொடுத்து, நடுவில் ஒரு கூம்பு வைத்து மாட்டச் சொன்னேன். ஏசி குழாயில் காற்றைத் தள்ள விசிறி இருக்கிறது. அடுப்புப் புகைக்குத் தன் சூட்டை விட்டால் வேறு துணை இல்லை. அகலமான குழாயில் அது பரந்து, ஆறி, மேலே ஏறத் தெம்பில்லாமல் நின்றுவிடும். இதெல்லாம் மறுநாள் கண்ணீரோடு கற்றது.

விறகு பற்றியது. போன புகை திரும்பி வந்தது. ஈசூனிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். அலாரம் அலறியது. நான் வாழையிலையால் விசிறிக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். விசிறிய விசிறலில் கொஞ்சநஞ்சம் தெளிவாக இருந்த மேசைகளுக்கும் புகை போய்ச் சேர்ந்தது. கடைசியில் மலர் அக்காதான் உள்ளே புகுந்து, நெருப்பை அணைத்து, பிரியாணி அண்டாவை கேஸ் அடுப்புக்கு மாற்றி, வந்தவர்களை நடைபாதையில் உட்கார வைத்துப் பரிமாறினார்.

எல்லோரும் போன பிறகு மச்சான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“சொன்ன மாதிரியே வேலைக்குப் போயிடறேன் மலர்.”

ஒரு மனிதரின் ஆசையையே நான் அணைத்துவிட்டேன். அக்கா கரி படிந்த முகத்தோடு அவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நீங்க எங்கயும் போக வேணாம். நடைபாதையில உட்கார்ந்தே அண்டாவைக் காலி பண்ணிட்டாங்க, கடை நல்லாத்தான் போகும் லா. தம்பியை மட்டும் கிச்சனுக்குள்ள விடாதீங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. (புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.)

ஆறு இஞ்ச் குழாயோடு கடை இன்றும் ஓகோவென்று நடக்கிறது. கிச்சனுக்குள் எனக்கு இன்னும் அனுமதியில்லை. போன வாரம் என் மகளுக்குப் பள்ளியில் தமிழ்த் தேர்வு. ‘விட்டம்’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்களாம். “என் அப்பாவுக்கு விட்டம் தெரியாது” என்று எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண்.