எமன் சிலுவை போட்ட மத்தியானம்

எமன் வேஷம் கட்டியவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நடிப்பு சரியில்லை என்று யாரும் நேரில் வந்து சொல்லத் துணிய மாட்டார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு நடிப்பு வராது. என் ஆயுளில் ஒரே ஒரு டாக்கியில் நடித்தேன். அதில் நான் செய்தவற்றில் ஒன்றுதான் புதுச்சேரி ஜனங்களின் நினைவில் நின்றது. அது கதையிலேயே இல்லாத காரியம்.

பேசும் படம் வந்து சில வருஷமே ஆன காலம் அது. சென்னைப் பட்டணத்துக் கம்பெனி ஒன்று எங்கள் ஊரில் வந்து இறங்கியது. ஸ்டூடியோவில் துணியில் எழுதி மாட்டிய அரண்மனைத் தூண்கள் காற்றடித்தால் ஆடினவாம். நிஜத் தூண்கள் வேண்டுமென்று, கடற்கரைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு வெள்ளைக்காரர் மாளிகையை வாடகைக்குப் பிடித்தார்கள். வந்த கையோடு, எமனாக நடிக்க வேண்டியவர் காப்பி விஷயமாக மானேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு விழுப்புரம் ரயிலில் ஏறிவிட்டார்.

நான் ஒரு துணிக் கிடங்கில் குமாஸ்தா. வேலை முடிந்து வேடிக்கை பார்க்கப் போய் வாசல் கேட்டருகே நின்றிருந்தேன். மானேஜர் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார் (கொஞ்சம் நேரம் பிடிக்கும், நான் அவ்வளவு உயரம்). உள்ளே போய் எமனுடைய கொம்பு வைத்த கிரீடத்தைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். பொருந்தியது. இப்படித்தான் நான் கலைக்கு வந்தேன்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அப்போது எனக்கும் மதலேனுக்கும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மதலேனின் அப்பா தைரியநாதர், எங்கள் மாதா கோயிலின் கோயில்பிள்ளை. மெழுகுவர்த்தி ஏற்றுவது, பீடத்தைத் துடைப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மற்றதெல்லாம் வேலை, மணி மட்டும் கர்வம். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் திரிகால ஜெபத்துக்கு மணி விழும். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று, நிறுத்தம். மறுபடி மூன்று. பிறகு விடாமல் ஓட்டம். முதல் அடி விழுந்ததுமே ஊரிலுள்ள வேதக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, நின்ற இடத்தில் சிலுவை அடையாளம் வரைந்து ஜெபம் சொல்வார்கள். அளவைக் கோலைக் கையில் பிடித்தபடி நானும் சொல்லியிருக்கிறேன்.

டாக்கி சமாசாரம் அவர் காதுக்குப் போய், என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா வேஷம்?"

"எமன் வேஷங்க."

"பேயா?"

"பேய் இல்லீங்க. அது ஒரு உத்தியோகம் மாதிரி."

"படம் வரட்டும். மொத ஆளா நான் பாக்கறேன். நம்ம வேதத்துக்கு அதுல ஒரு கொறச்சல் தெரிஞ்சாலும் பொண்ணு கெடையாது. இல்லாட்டி மேக்கொண்டு பேசலாம்."

கதவுக்குப் பின்னால் மதலேனின் சேலைத் தலைப்பு தெரிந்தது. அது அசையவில்லை. எனக்கு மதலேனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள விருப்பமில்லை. அதை அவரிடம் சொல்கிற துணிச்சலும் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

கூட நடித்தவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன். கதை இதுதான்: செத்துப்போன ராஜாவின் உயிரைத் திருப்பிக் கேட்டு ராணி எமனோடு வாதாடுகிறாள். ராஜா, வேதாசலம். பால்யத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பிணமாகப் படுத்தபடியே உதடு அசையாமல் பேசத் தெரிந்தவர். "தம்பி, காலை எடுங்கள், என் விரல்மேல் நிற்கிறீர்கள்" என்று செத்தவர் முதல் நாள் என்னிடம் சொன்னபோது நான் அலறிவிட்டேன். ராணி, கோமளம். அந்த அம்மாள் ஒரு கூஜாவில் உப்புப் போட்ட எலுமிச்சம்பழத் தண்ணீர் வைத்திருப்பார். வேஷத்தோடு நான் வேர்த்து வழியும்போதெல்லாம், "எமனுக்கே உயிர் போயிடும்போல இருக்கே" என்று சொல்லி எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பார். சித்திரகுப்தன், ஐயாவு. அவர் கையிலிருந்த ஓலையில் ஜனங்களின் பாவபுண்ணியம் எதுவும் இல்லை. என் வசனம்தான் பெரிய எழுத்தில் இருந்தது. காமிராவுக்குத் தெரியாமல் என் பக்கம் சாய்த்தே பிடிப்பார்.

மூவரும் ஒரே நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். அங்கே ஒரு சட்டம் இருந்தது. மேடையில் ஒருவன் எதைச் செய்தாலும், அது தப்பே ஆனாலும், மற்றவர்கள் அதைக் கதையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூட நிற்பவனைத் தனியாக விடக்கூடாது. ஒருமுறை சேனாதிபதி கத்தியை மறந்து மேடைக்கு வந்துவிட, எதிரிப் படை முழுதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மல்யுத்தம் செய்ததாம். இதை ஐயாவு சொன்னபோது நான் சிரித்தேன். (சிரித்திருக்கக் கூடாது.)

அந்தக் காலத்தில் படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகவே பிடிப்பார்கள். பாடுகிறவர் பாட வேண்டும், ஆர்மோனியக்காரர் குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் ஒளிந்து வாசிக்க வேண்டும், காக்காய் கத்தினால் எல்லாம் பாழ். உள்ளூர்க்காரன் என்பதால் சவுண்டுக்காரர் என்னிடம், இந்தப் பக்கம் என்னென்ன சத்தம் வரும் என்று கேட்டார். காக்காய், ரயில் ஊதல், மீன்காரிகள், சிப்பாய்களின் பாண்டு என்று ஒன்று விடாமல் சொன்னேன். மணியை மட்டும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து கேட்பது ஒரு சத்தம் என்றே எனக்குப் படவில்லை.

கடைசி நாள், கடைசிக் காட்சி. சாயங்கால ரயிலில் எல்லோரும் கிளம்ப வேண்டும் என்பதால், வழக்கமாக உச்சிப்பொழுதில் விடும் சாப்பாட்டு ஓய்வு அன்றைக்கு இல்லை. சூரியன் உச்சிக்கு வந்து தூண்களின் நிழல் ஒதுங்கியதும் ஆரம்பித்தோம். டைரக்டர் பம்பாய்க்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பிலிம் விலை கூடுதல் என்பதால் எதையும் இரண்டாம் தரம் எடுப்பதில்லை.

வேதாசலம் செத்துக் கிடந்தார். கோமளம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உருகிப் பாடினார். நான் பாசக்கயிற்றை ஓங்கி, ஐயாவுவின் ஓலையைப் பார்த்து, "பெண்ணே, விலகி நில். நான் எவருக்கும் தலை வணங்காதவன்" என்று கர்ஜித்தேன்.

மணி விழுந்தது.

நான் எதையும் யோசிக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். வலது கையிலிருந்த பாசக்கயிறு இடது கைக்கு மாறியது. நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். பிறகு கிரீடத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். உதடு ஜெபத்தைத் தொடங்கிவிட்டது.

எதிரே நின்ற ஐயாவு ஒரு கணம்தான் தயங்கினார். அப்புறம் ஓலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் சிலுவை போட்டார். என்னைப் பார்த்துப் போட்டதால் வலது தோளில் ஆரம்பித்து இடது தோளில் முடித்தார். கோமளம் பாட்டை நிறுத்தி, கையைக் கூப்பி ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு மணியின் சுருதியிலேயே குரலைச் சேர்த்து, தர்மதேவதையை அழைத்து ஒரு விருத்தம் எடுத்தார். அப்படி ஒரு விருத்தம் எங்களிடம் கிடையவே கிடையாது. செத்தவர் எதையும் செய்ய முடியாத நிலையில் இருந்தார். ஆனால் அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. கோமளம் பாடிக்கொண்டே அதன்மேல் விழுந்து அழுது மறைத்தார். ஒத்திகையில் சொன்னபடி நடந்துகொண்டது, என் வாகனமாகப் பின்னால் கட்டியிருந்த எருமை ஒன்றுதான்.

டைரக்டர் கை தட்டினார். மானேஜர் ஓடிவந்து, "எமன் கையை அசைத்தது பிரமாதம் என்கிறார். மணியும் சரியான சமயத்தில் விழுந்ததாம். அது என்ன வழக்கம் என்று கேட்கிறார்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வேதாசலம் பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "உயிரை எடுக்குமுன் எமன் நான்கு திக்கையும் வணங்குவது தென்னாட்டு மரபு" என்றார், கொஞ்சமும் கூசாமல். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். டைரக்டருக்கு அது மிகவும் பிடித்துப் போய், காமிராவைப் பக்கத்தில் கொண்டுவந்து, என் கையை மட்டும் தனியாக, நிதானமாக, இன்னொரு தரம் எடுத்தார்.

சாயங்காலம் ரயிலடியில் வைத்துத்தான் மதலேன் விஷயத்தை அவர்களிடம் சொன்னேன். "எமன் உடம்புல சிலுவைன்னா அவரு எப்படிப்பா பொறுப்பாரு?" என்றார் ஐயாவு. கோமளம் கூஜாவையே என் கையில் கொடுத்துவிட்டார். வேதாசலம், "கல்யாணத்துக்கு எழுதுங்கள், வருகிறோம்" என்றார். கல்யாணம் நடக்கும் என்று நம்பிய ஆள் அன்றைக்கு அவர் ஒருவர்தான். ரயில் போன பிறகு நான் வெட்கமில்லாமல் அழுதேன். நாலு வாரப் பழக்கத்துக்கு அது அதிகம் என்று என் அம்மா பிற்பாடு சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் செய்த கோமாளித்தனத்தில் என்னைத் தனியே விடாதவர்கள் அவர்கள்.

படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலாட்டம். முன்பெஞ்சில் தைரியநாதர், கோயில் பெரியவர்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் அம்மாவும் மதலேனும். நான் ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் நின்றேன்.

காட்சி வந்தது. கர்ஜித்தேன். கொட்டகையில் ஒரு குழந்தை அழுதது. எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

பிறகு திரையிலிருந்து எங்கள் கோயில் மணி விழுந்தது.

தைரியநாதர் எழுந்து நின்றார். திரையைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, நெற்றியில் கை வைத்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சு பெஞ்சாக வேதக்காரர்கள் எழுந்தார்கள். பெண்கள் பக்கமும் எழுந்தது. கதவோரம் என் கையும் எழுந்தது. அந்நேரம் பார்த்துத் திரை முழுக்க என் கை, பூசணிக்காய் அளவு மோதிரத்தோடு. கொட்டகையும் எமனும் ஒன்றாகச் சிலுவை போட்டோம்.

"யோவ், ஒக்காருங்கய்யா, எமன் தெரியல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

படத்தில் மணி இரண்டாவது மூன்றோடு நின்று, பாட்டு தொடங்கிவிட்டது. ஆனாலும் தைரியநாதர் உட்காரவில்லை. மூன்றாவது மூன்றுக்காகக் கண்ணை மூடியபடி காத்திருந்தார். யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்த பிறகுதான் கண்ணைத் திறந்து, எதிரே திரையில் யார் நிற்பது என்று பார்த்தார்.

மறுநாள் அவரிடமிருந்து ஆள் வந்தது. மதலேனை மறந்துவிட வேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

"ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

"மூணாவது மூணு எங்க?"

"ஐயா?"

"நான் மூணு தடவயும் ஒழுங்கா அடிச்சி, ஓட்டமும் விட்டேன். படத்துல ரெண்டோட நிக்குது. எவன் வெட்டினது?"

"பம்பாய்க்காரருங்க."

"அதான பாத்தேன்." கொஞ்சம் சமாதானமானது போலிருந்தது. "ஒன் எதுர ஓலையோட நிக்கறவன் வலது தோள்ல ஆரம்பிக்கறான். அவன் எந்தக் கோயிலு?"

"அவரு வேதக்காரரு இல்லீங்க. நான் தனியா நிக்கக் கூடாதுன்னு போட்டாரு."

தைரியநாதர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "கொம்பும் மீசையும் வெச்சிருந்தாலும் மணிக்கு நின்னுட்டியே, அத நான் கொறை சொல்ல முடியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா எமன எதுர்ல வெச்சிக்கிட்டு நான் எழுந்து நின்னது பங்குச் சாமியார் காதுக்குப் போகக்கூடாது. நீ பாத்தியா?"

"நான் கண்ண மூடியிருந்தேங்க."

"நல்லது. தை மாசம் வெச்சிக்கலாம்."

கதவுக்குப் பின்னால் சேலைத் தலைப்பு அசைந்தது. சிரிப்புச் சத்தமும் கேட்டது.

கல்யாணத்துக்கு எழுதினேன். மூவரும் வந்து கோயிலில் முன்பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் சிலுவை போட்டபோதெல்லாம் மூவரும் போட்டார்கள். நான் முழங்காலிட்டால் அவர்களும் இட்டார்கள். நடுவில் பின்னாலிருந்து, உதடு அசையாத குரலில், "தம்பி, இப்போது எழுந்திருக்க வேண்டுமா?" என்று ராஜா கேட்டார். ஐயாவு மட்டும் அன்றைக்கும் வலது தோளிலேயே ஆரம்பித்தார். மெழுகுவர்த்தியோடு போய்க்கொண்டிருந்த என் மாமனார் நின்று, மெழுகுவர்த்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஐயாவுவின் கையைப் பிடித்து இடது தோளில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் படம் ஊரில் ஓடிய வரையில், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை எல்லாம் மாமனார் கொட்டகைக்கு அழைத்துப் போனார். "அதுல என் மணி வருது" என்பார். மருமகன் வருகிறான் என்பதைச் சொன்னதாகத் தகவல் இல்லை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது காய்ச்சலில் படுத்தால், மதலேன் கஷாயம் வைப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துகிறாள். "இங்கயே நில்லுங்க. நெசமானவரு வந்தா, ஏற்கெனவே ஆளு வந்துட்டாருன்னு நெனச்சித் திரும்பிப் போயிடுவாரு" என்கிறாள். நானும் நிற்கிறேன். மத்தியான மணி அடித்தால் மட்டும் சாப்பிட உள்ளே வர அனுமதி உண்டு.