அடுத்தவன் புக் பண்ணின பிரிட்ஜ்

அழகிரி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தேநீர்க் குவளை துள்ளியது. உப்பு டப்பா துள்ளியது. சாம்பார்க் கிண்ணம் மட்டும் துள்ளவில்லை. அவர் தட்டப் போகிறார் என்று தெரிந்து புனிதா அதை முன்னாலேயே கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாருக்கு பிரிட்ஜ் நான்தான் பார்ப்பேன். நான்தான் பேரம் பேசுவேன். நான்தான் வாங்குவேன். நடுவுல யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது!"

"சரிங்க," என்றாள் புனிதா.

கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் இந்தச் 'சரிங்க'வை அவர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். ஒரே ஒரு தடவை அதற்கு என்ன அர்த்தம் என்று நின்று யோசித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

அழகிரி பள்ளிக்கூடத்தை விட்டது பதின்மூன்று வயதில். லோரியில் மூட்டை ஏற்றினார், கார் கழுவினார், பழைய டயர் விற்றார், ஏமாந்தார், ஏமாந்த இடத்திலேயே பாடமும் படித்தார். இன்று ஐம்பத்து நாலு வயதில் சொந்தமாக இரண்டு லோரி. செராஸில் வீடு. இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு பார். எல்லாம் கையாலும் வாயாலும் சம்பாதித்தது. கையைவிட வாய்க்குத்தான் பங்கு அதிகம். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய பெருமை, பட்டம், சொத்து எல்லாம். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம், "ரெண்டு பிடுங்கினா ஒண்ணு இலவசமா?" என்று கேட்டவர். மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு ஜவுளிக்கடைகளில் இவர் தலையைக் கண்டதும் முதலாளிகளுக்குத் தேநீர் குடிக்கும் நேரம் வந்துவிடும்.

பாரை வெள்ளிக்கிழமை திறக்கலாம் என்றுதான் முதலில் சொன்னார். சைவம் சாப்பிடும் நாளில் பீர் ஊற்ற முடியாது என்றாள் புனிதா. சனிக்கிழமை என்று முடிவானது. அது தன்னுடைய முடிவு என்றுதான் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று திங்கள். கவுன்டர் தயார், நாற்காலி தயார், லைசென்ஸ் தயார். பிரிட்ஜ்தான் இல்லை.

"செராஸ்ல ஒரு உணவகத்தை மூடுறாங்க," என்றார். "நாலு கதவு பிரிட்ஜ். ஆள் உயரம். எவர்சில்வர். உள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாம். விலை ரெண்டாயிரத்து இருநூறு வெள்ளிதான்!"

"அதை எங்கங்க வைப்பீங்க? கவுன்டருக்குப் பின்னால நடக்கிற இடமே ரெண்டரை அடி. கதவைத் திறந்தா ஊத்துற ஆளு எங்க நிப்பான்?"

"சமையலறையில வச்சாப் போச்சு."

"ஒருத்தர் பீர் கேட்டு, நம்ம ஆளு உள்ள போய் எடுத்துட்டு வரதுக்குள்ள, அவருக்கு ஏற்கெனவே குடிச்சதும் தெளிஞ்சு போயிரும்."

பதில் தெரியாத இடத்தில் சத்தம் போடுவது அழகிரியின் வழக்கம். போட்டார். சத்தம் ஓய்ந்ததும் புனிதா தொடர்ந்தாள்.

"பின்சுவர் அலமாரிக்குக் கீழ ஆறடி நீளம், மூணடி உயரம் இடம் விட்டிருக்கோம்ல? அதுக்குள்ள போற மாதிரி குட்டையா பாருங்க. தள்ளுக் கதவா இருக்கணும். கண்ணாடியா இருந்தா என்னென்ன பாட்டில் இருக்குன்னு உட்கார்ந்திருக்கிறவங்களுக்கே தெரியும். சூடான காத்து முன்பக்கமா வெளிய வரணும். பின்பக்கம் வந்தா சுவர்ல முட்டிக்கிட்டு மெஷின் செத்துப் போயிரும். அப்புறம் ஒரு சின்ன ஐஸ் மெஷின்..."

"ஐஸ் மெஷினா! ஐஸ்தான் மூட்டை மூட்டையா லோரியில வருதே லா! தண்ணியை உறைய வைக்க ஒரு மெஷினாம், அதுக்கு நான் தண்டம் அழணுமாம்!"

"சரிங்க. செராஸ் பிரிட்ஜையே வாங்குங்க." புனிதா சாம்பாரை அவர் தட்டில் ஊற்றினாள். "கிள்ளான் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

"ஏன்?"

"அங்க குருன்னு ஒருத்தர் பழைய உணவகச் சாமான் விக்கிறாராம். அவர்கிட்ட பேரம் பேசி இதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிச்சதில்லையாம். உங்க பேரு எதுக்குங்க கெடணும்?"

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அழகிரி கிள்ளானில் நின்றார்.

குருவின் கடை ஒரு பெரிய கொட்டகை. மூடிப்போன உணவகங்களின் அடுப்பும் தொட்டியும் மேசையும் அங்கே வரிசையாக நின்று அடுத்த முதலாளிக்குக் காத்திருந்தன. குரு ஒல்லியான மனிதர். காதில் பென்சில். குரலே உயராது. கத்தாத வியாபாரியைக் கண்டால் அழகிரிக்கு உள்ளங்கை அரிக்கும்.

"இந்த ரெண்டு கதவு நல்லாருக்கும்ணே," என்றார் குரு. "கம்ப்ரசர் புதுசு."

விற்கிறவன் நல்லாயிருக்கும் என்று சொன்னதால் அது அந்த நிமிடமே ஒதுக்கப்பட்டது. அழகிரியின் தொழில் சட்டம் அப்படி. விற்கிறவன் புகழ்வதைத் தொடாதே. வீட்டில் புகழ்வதை நம்பாதே. சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் ஒருவன் முன்பணம் கட்டி ஆசைப்பட்ட சரக்குதான் நல்ல சரக்கு. பழைய டயர் விற்ற காலத்திலிருந்து இந்தச் சட்டம் அவரைக் கைவிட்டதில்லை.

அப்போதுதான் மூலையில் அதைப் பார்த்தார். இடுப்பு உயரம். கறுப்பு நிறம். மூன்று தள்ளுக் கண்ணாடிக் கதவு. காற்றுத் துவாரம் முன்பக்கம். அச்சு அசலாகப் புனிதா சொன்னதைப் போலவே இருந்தது. அதனால் பிடிக்கவில்லை. ஆனால் கதவின் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டி, சிவப்பு மையில் 'புக் ஆகிவிட்டது' என்று எழுதியிருந்தது. அதனால் உடனே பிடித்துவிட்டது.

"இது யாருது?"

"அதை விடுங்கண்ணே. ஆள் பார்த்துட்டாங்க."

"எந்த ஆளு?"

"பிரிக்பீல்ட்ஸ்ல புதுசா பார் திறக்கிறாங்களாம். வர்ற சனிக்கிழமை."

அழகிரிக்குக் காது இரண்டும் சூடாகின. "பிரிக்பீல்ட்ஸா? சனிக்கிழமையா? எந்த ரோட்டுல?"

"மோனோரெயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ரோடாம்."

"அது என் ரோடுய்யா!"

"அப்படியாண்ணே?" என்றார் குரு. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

தன் ரோட்டில், தன் நாளில், ஒருவன் சத்தமில்லாமல் பார் திறக்கிறான்! "ஆளு எப்படி?"

"விவரமான ஆளுண்ணே. அளவு டேப் கொண்டு வந்து நீளம் அகலம் அளந்தாங்க. காத்து எந்தப் பக்கம் வருதுன்னு ஒரு தாளைப் பிடிச்சுப் பார்த்தாங்க. அரைமணி நேரம் ஓட விட்டுப் பக்கத்துல உட்கார்ந்து சத்தம் கேட்டாங்க. நானே அசந்து போயிட்டேன்."

"அவ்வளவு விவரம்னா ஏன் எடுத்துட்டுப் போகலை?"

குரு பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "கூட்டாளி ஒருத்தர் இருக்காராம்ணே. இவங்க நல்லதுன்னு எதைச் சொன்னாலும் அவர் வேணாம்னுதான் சொல்வாராம். சம்மதிக்க வைக்க ரெண்டு நாள் டைம் கேட்டாங்க."

"அந்த மாதிரி மடையனை வச்சுக்கிட்டு எப்படி லா தொழில் பண்றது!"

"நானும் அதைத்தான் கேட்டேன். பழகிப் போச்சுன்னாங்க."

"அவன் பழகட்டும். பிரிட்ஜ் எனக்கு. கடை விலை என்ன?"

"ஐயாயிரத்து ஐநூறு."

"ரெண்டாயிரத்து ஐநூறு!"

ஆரம்பித்தது. அழகிரி பிரிட்ஜைத் தட்டினார், முகர்ந்தார், குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். இதைவிட நல்ல பிரிட்ஜைக் குப்பையில் பார்த்திருப்பதாகச் சொன்னார். கோபமாகத் தன் லோரியை நோக்கி நடந்தார். வழக்கமாக மூன்றாவது அடியில் கூப்பிட்டுவிடுவார்கள். லோரிக் கதவைத் திறந்தும் யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் குரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அழகிரி தானாகவே திரும்பி வந்தார். இப்படி மூன்று தடவை போனார், மூன்று தடவை வந்தார். ஒரு மணிக்குத் தொண்டை கட்டியது. விலை ஐயாயிரத்தில் நின்றது.

"புக் பண்ணவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேண்ணே," என்று குரு போனோடு அடுப்புகளுக்குப் பின்னால் போனார். "ஆமாங்க... ஐயாயிரம்... ஆமாங்க, அவரேதான்..." என்று மெல்லக் கேட்டது. திரும்பி வந்து, "விட்டுக் கொடுக்கிறாங்களாம்," என்றார்.

"என் பேரைக் கேட்டதும் பயந்துட்டான்!" என்றார் அழகிரி.

வீட்டுக்குள் நுழையும்போதே, "புனிதா! அடிச்சேன் பாரு ஒரு அடி!" என்று ஆரம்பித்தார். "கிள்ளான் குருவையே ஐநூறு வெள்ளி இறக்கிட்டேன். அது மட்டுமில்ல. நம்ம ரோட்டுல எவனோ ஒருத்தன் பார் திறக்கிறான். அவன் புக் பண்ணின பிரிட்ஜைத் தூக்கிட்டேன்!"

"ஐயோ பாவங்க. அவங்க இப்ப என்ன செய்வாங்க?"

"சுடு பீர் விக்கட்டும்! கூட்டாளி ஒரு மடையனாம். அந்த லட்சணத்துக்கு எதுக்கு அவனுக்குத் தொழில்?"

புனிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். உள்ளேயிருந்து நீண்ட நேரம் இருமல் மாதிரி ஏதோ கேட்டது. எதிரிக்கும் இரங்கி அழுகிறாள், நல்ல மனசு என்று அழகிரி நினைத்துக்கொண்டார்.

மறுநாள் முழுக்க எதிரியைத் தேடினார். ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். கதவு சாத்திய கடைகளில் எல்லாம் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். பூக்கடைப் பாலனைப் பிடித்து உலுக்கினார்.

"இந்த ரோட்டுல புதுசா பார் திறக்கிறது யாரு?"

பாலன் மாலை கட்டுவதை நிறுத்தினான். "நீங்கதான்ணே."

"என்னை விட்டு வேற யாரு?"

"வேற யாரும் இல்லைண்ணே. ஒரே பார்தான்."

"அதான் சொல்றேன்! எவ்வளவு ரகசியமா திறக்கிறான் பாரு!"

பாலன் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்தான்.

சனிக்கிழமை காலை குருவே லோரியோடு வந்தார். நாலு பேர் பிரிட்ஜை இறக்கி அலமாரிக்குக் கீழே தள்ளினார்கள். தீப்பெட்டிக்குள் அதன் உள்பெட்டி போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி. சுவிட்சைப் போட்டதும் உள்ளே நீல விளக்கு எரிந்தது. கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது. கதவைத் திறந்து வைத்து எதிரே நடந்தாலும் முட்டியில் இடிக்கவில்லை.

"பார்த்தியா புனிதா? அளக்கவே இல்லை. கண்ணாலேயே எடை போட்டேன்!"

அப்போது லோரியிலிருந்து இன்னொன்று இறங்கியது. சின்னதாக, சதுரமாக, வெள்ளையாக. ஐஸ் மெஷின்.

"இது என்னுது இல்லையே," என்றார் அழகிரி.

"புக் பண்ணவங்களுதுண்ணே. இங்கயே இறக்கச் சொல்லிட்டாங்க."

"எவன் அவன்? என் கடையில சாமான் இறக்கச் சொல்றதுக்கு?" சட்டைக் கையை மடித்தார் அழகிரி. "வரச் சொல்லு இங்க! மூணு நாளா தேடுறேன்!"

"உங்க பின்னாலதான்ணே நிக்கிறாங்க."

திரும்பினார். பின்னால் ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. அது குருவின் டெலிவரிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. புனிதா.

"அவங்களுக்கு நான் கொடுத்த விலை நாலாயிரத்து இருநூறுண்ணே," என்று குரு அமைதியாக விளக்கினார். "நீங்க ஐயாயிரம் கொடுத்தீங்க. மிச்சம் எண்ணூறு. அதுக்கு இந்த ஐஸ் மெஷினைக் கொடுத்துருங்கன்னாங்க."

கூட்டாளி, மடையன், பழகிப் போச்சு என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கிள்ளானிலிருந்து கிளம்பி அழகிரியிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

ராத்திரிக்குள் கோபப்பட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தார். நேரம் கிடைக்கவில்லை. ஆறு மணிக்கே நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டது. கண்ணாடிக்குள் பாட்டில்களைப் பார்த்து, "அதுல ஒண்ணு கொடுங்க போஸ், அதுக்குப் பக்கத்துல இருக்கிறதுல ஒண்ணு," என்று கை நீட்டினார்கள். ஊற்றுகிற ஆள் நின்ற இடத்திலேயே குனிந்து எடுத்து நிமிர்ந்தான். ஐஸ் கொண்டு வரும் லோரி ஏழு மணிவரை வரவில்லை. வராததை யாரும் கவனிக்கவே இல்லை. வந்தவர்களெல்லாம் பிரிட்ஜைப் புகழ்ந்தார்கள். அழகிரியும், "என் செலக்‌ஷன்," என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். மூன்றாவது தடவை புனிதா பக்கத்தில் வந்து நின்றதால் சொல்லவில்லை.

ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மனசும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு முள் மட்டும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. மனைவி பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"புனிதா, நான் கத்தலை. சண்டையும் போடலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நான் மூணு மணி நேரம் தொண்டை கிழியப் பேசி ஐநூறுதான் இறக்கினேன். நீ எப்படி ஆயிரத்து முந்நூறு இறக்கினே? என்ன பேசினே அவன்கிட்ட?"

புனிதா ஒரு கிளாஸில் ஐஸ் கட்டியைப் போட்டாள்.

"நான் எங்கங்க பேசினேன்? விலை என்னன்னு கேட்டேன், நாலாயிரத்து இருநூறுன்னாரு."